வருகைப் பதிவு

பத்து மணிக்குக் கதவைத் திறந்தோம்.
பதினோரு மேசை, பதினோரு விரிப்பு,
சர்க்கரை போட்டதும் போடாததுமாய்க் கேக்,
துண்டறிக்கைகள் பறக்காதிருக்க
கடற்கரையில் பொறுக்கிவந்த கூழாங்கற்கள்.
ஃப்ளீட்வுட்டில் அக்டோபர் மாதச் சனிக்கிழமை.
மழை படுக்கைவாட்டில் பெய்துகொண்டிருந்தது.

பதினொன்றரை வரைக்கும் வந்தவர்கள் மூவர்.
ஒருவர் கழிப்பறை எங்கே என்றார்.
ஒருவர் போன வருடம் மறந்துவைத்த
குடையைக் கேட்டார்.
மூன்றாவது, ஒரு நாய்.
அதன் பின்னால் யாராவது வருவார்களென்று
எல்லோரும் வாசலைப் பார்த்தோம்.

ஈ ஓட்டினோம் என்று சொல்லலாம்,
அந்தக் குளிரில் ஈயாவது வந்திருந்தால்.

முதலில் எழுந்தவள் மோரீன் த்ரெல்ஃபால்.
காது கேளாதோர் சங்கத்து மேசையை
அப்படியே விட்டுவிட்டுப்
பக்கத்து மேசைக்குப் போய் நின்றாள்.
"உங்களுக்கு என்ன ஆள் வேண்டும்?"
"செவ்வாய்க்கிழமை சூப் ஊற்ற ஒருத்தர்."
"செவ்வாய் நான் சும்மாதான் இருக்கிறேன்."
படிவத்தை இழுத்துப் பெயரை எழுதினாள்.

அது தொற்றிக்கொண்டது.
சூப்பு மேசை டெஸ்மண்ட்
நினைவு மங்கியவர்களின் பாட்டு வேளைக்கு
பியானோ வாசிக்க ஒப்புக்கொண்டார்.
மூன்றே பாட்டுத்தான் தெரியுமாம்.
"பரவாயில்லை, வாராவாரம் புதிதாகவே இருக்கும்"
என்று சொல்லி ஹால்ஷ்கா சிரித்தாள்.
அவள் கணவர் அந்தக் குழுவில்தான்
மூன்று வருடமாகப் பாடுகிறார்.

கூடம் இரைச்சலானது.
நாற்காலிகள் இடம் மாறின.
ஒருவர் துண்டறிக்கையை இன்னொருவர் வாசித்து
"இப்படி ஒன்று நம் ஊரில் இருக்கிறதா?" என்றார்கள்,
ஆறு வருடமாக ஒரே கூடத்தின்
ஒரே கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைப்பவர்கள்.

ரத்த அழுத்த மேசையில் அபொசேடே மட்டும்
பிடிக்க ஒரு கை கிடைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.
இதயநல மேசை கென் ப்ளீஸ்டேலைக் கூப்பிட்டாள்.
"என் கையா?
நான் மேசைக்கு இந்தப் பக்கத்து ஆள்" என்றார்.
'உங்கள் எண்ணை அறிந்துகொள்ளுங்கள்' என்று
மார்பில் பட்டை குத்தியிருந்தார்.
ஊருக்குத்தானே உபதேசம்.
விளையாட்டாகச் சட்டைக்கையை மடித்தார்.

அவள் எண்ணைச் சொல்லவில்லை.
மறு கையிலும் பட்டையைச் சுற்றினாள்.
"தலைவலி?"
"காலையிலிருந்து. மழை என்று நினைத்தேன்."
அவள் என்னைப் பார்த்த பார்வையில்
கேக் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தேன்.

அவசர எண்ணில் சொன்னார்கள்:
வண்டி வர நேரமாகும், முடிந்தால் கூட்டிவாருங்கள்.
நோயாளிகளுக்குக் கார் ஓட்டுவோர் மேசையில்
ஒரே ஓட்டுநர், ரோவன் கார்ட்வெல்.
வயது பத்தொன்பது, உரிமம் வாங்கி நான்கு மாதம்.
ஆள் சேர்க்க வந்தவன்,
இதுவரை யாரையும் ஏற்றியதில்லை.
சாவியை எடுக்கும்போது கூழாங்கல் உருண்டு விழுந்தது.

கென் போகும்போது
தன் மேசையிலிருந்த பிளாஸ்டிக் இதயத்தை
என்னிடம் கொடுத்தார்.
"மூடி சரியாக உட்காராது,
அழுத்திப் பிடித்துக்கொள்."
பிடித்துக்கொண்டே நின்றேன், வெகுநேரம்,
அது பாடம் நடத்த வைத்த பொம்மை
என்று தெரிந்தும்.

நான்கு மணிக்கு ரோவனின் செய்தி:
*வார்டில் வைத்துக்கொண்டார்கள். தேநீர் மோசமாம்.
வேகமாக ஓட்டினேன் என்று திட்டுகிறார்.*
மோரீன் சத்தமாக வாசித்தாள்,
பிறகு இன்னும் சத்தமாக, தன் சங்கத்தாருக்காக.

எல்லாம் மடித்து அடுக்கியபின்
கவுன்சிலின் படிவம் என் முன்னால் இருந்தது.
பயனடைந்த பொதுமக்கள் எத்தனை பேர்?
கீழே பொடி எழுத்தில்:
தன்னார்வலர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.
மூன்று என்று எழுதினேன்.
நாயை நினைத்து இரண்டு என்று திருத்தினேன்.
பிறகு இரண்டையும் அடித்துவிட்டு
பேனாவைக் கடித்தபடி இருந்தேன்.

அபொசேடே இன்னும் கருவியைப் பையில் வைக்கவில்லை.
"காலையிலிருந்து உன்னைப் பார்க்கிறேன்" என்று
நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

எழுதாத கையை நீட்டினேன்.